கெண்டைவலசைக் கண்மாய்

சந்தையில் சொன்ன பொய்யைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். யாவாரத்தில் பிழைத்தவர்கள் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்; தராசு பிடிப்பதெல்லாம் அப்புறம். பல் விழுந்த காளையை இளங்காளை என்று சொல்லி விற்கலாம், அதில் பாவமில்லை, வாங்குகிறவனுக்கும் கண் இருக்கிறது. ஆனால் விற்காமல் திரும்பி வந்த அதே காளையை இளங்காளை என்று நீயே நம்பி ஏரில் பூட்டினாயானால், உழவும் நடக்காது, காளையும் மிஞ்சாது.

கெண்டைவலசைக்காரர்கள் தங்கள் பொய்யை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வந்ததோடு விட்டார்களா? அதற்கு மஞ்சள் தடவி, மாலை போட்டு, வருசம் தவறாமல் பொங்கல் வைத்தார்கள்.

ராமநாதபுரத்துக்கு மேற்கே, உடைமரமும் வேலிக்கருவையும் தவிர வேறு நிழல் இல்லாத வெட்டவெளியில் இருந்தது அந்த ஊர். முண்டு மிளகாய் வத்தல் விளையும் கரிசல். குடிதண்ணீர் லாரியில் வரும். வராத நாளும் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில் ஆடி மாதம் ஒரு நாள் ஆணும் பெண்ணும் மீன்வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறிச்சோடிக் கிடக்கும் மிளகாய்க்காட்டில் இறங்கிக் காய்ந்த தரையில் வலை வீசுவார்கள். "கெண்டை ஏறுது, கெண்டை ஏறுது" என்று குலவை போடுவார்கள். வலையில் மண்கட்டியும் முள்ளும் அகப்படும். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஏன் என்று கேட்டால் சாமி குத்தம். எந்தச் சாமி என்று கேட்டால் அதைவிடப் பெரிய குத்தம்.

இரண்டாம் பெருவறட்சி முடிந்த மறுவருசம், மாசி மாதத்தில், மதுரையிலிருந்து மகிழினி வந்து இறங்கினாள். நிலநினைவு ஆணையத்தின் ஆய்வாளர். கையில் தூக்குவாளி அளவுக்கு ஒரு பெட்டி. ஊர்த்தலைவர் வில்லாயுதம் அதைச் சுற்றி வந்து பார்த்தார். வத்தல் தரகில் முடி நரைத்தவர். எந்தப் பொருளையும் முதலில் சுற்றி வந்துதான் பார்ப்பார்.

"இதுக்குள்ள என்னம்மா சரக்கு?"

"படங்க, தலைவரே. கும்பினி காலத்துல கையால வரைஞ்ச நிலப்படத்துலேர்ந்து, போன வாரம் வானத்துலேர்ந்து எடுத்தது வரைக்கும். இந்த மண்ணை யாரு எப்ப வரைஞ்சிருந்தாலும் இதுக்குள்ள இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாத்து, ஊர் எப்படி மாறுச்சுன்னு சொல்லும். எங்க ஓடை இருந்துச்சு, மேய்ச்சக்காடு எப்ப வெள்ளாமைக்காடு ஆச்சு, அதனால சனங்க பிழைப்பு என்ன ஆச்சு, எல்லாம். அதுதான் என் வேலை."

"ரெண்டு படம் ரெண்டு விதமாப் பேசுனா?"

"யாரை நம்பறதுன்னு அதுவே எடை போடும். ஊர்ப்பேரு, சாமி கும்பிடுறது, சொலவடை, ஆளுக வாய்ச்சொல்லு, மண்ணு எல்லாத்தையும் சாட்சியா எடுத்துக்கும்."

"அட, நம்ம சாதிதான். நாலு பேரு பேச்சக் கேட்டு நடுவுல ஒரு விலை சொல்ற தரகன்."

மகிழினி சிரித்தபடி பெட்டியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பழுப்பேறிய தாளின் நகல். நடுவில் நீலச்சாயம் பூசிய பெரிய வட்டம்.

"இதுதான் எல்லாத்துலயும் பழசு. நாம உக்காந்திருக்கோமே, இந்த இடம், உங்க தெரு, பள்ளிக்கூடம், காடு, அத்தனையும் இந்த நீலத்துக்குள்ள இருக்கு. பெரிய கண்மாய்! அதுக்கு அடுத்த படத்துல 'தூர்ந்த கண்மாய்'. அப்புறம் வர்ற எதுலயும் கண்மாயே இல்ல, ஊருதான் இருக்கு. என்ன நடந்துச்சு தலைவரே?"

வில்லாயுதம் தோள்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அந்த ஊரில் தலைவர் மாறும்போது பழையவர் தன் துண்டைப் புதியவர் தோளில் போட்டு, காதோரம் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்; அதன் கதையை அப்புறம் தனியாகச் சொல்வார். அதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. வில்லாயுதம் கேட்டுக்கொண்ட வாக்கியம் இதுதான்: "இது கண்மாய் இல்லை."

"பழைய கண்மாய் இருந்த ஊருன்னா, ஏதாச்சும் ஆதாயம் உண்டாம்மா?" என்றார்.

"உண்டே. ஆதிக் கண்மாய்னு உறுதியாச்சுன்னா குழாய்த்தண்ணி முதல்ல அந்த ஊருக்குத்தான். புது விதி."

"அப்ப சந்தேகமென்ன? கண்மாய்தான்! எங்க ஊரு பேரு என்ன? கெண்டைவலசை. கெண்டை காட்டுலயா மேயும்? ஆடி வரைக்கும் நீங்க காத்திருக்க வேணாம், எங்க சாமி கும்பிட்டை நாளைக்கே பாத்துருங்க."

மறுநாள் காலை ஊரே வலையோடு காட்டில் இறங்கியது. மாசி மாதமாதலால் மிளகாய்ச் செடி இடுப்பளவு நின்றது. பழம் சிவந்து தொங்கியது. வலை விழுந்த இடமெல்லாம் காய் கொட்டியது. வில்லாயுதத்தின் தங்கை பாகம்பிரியாள் வலையை வீசாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? தண்ணியில்லாத தரையில சாமிக்கு வலை வீசுறோம், சரி. டப்பாவுக்கு எதுக்கு வீசணும்? அதுவும் காயோட?"

"காய் இன்னைக்குப் போனா நாளைக்குக் காய்க்கும் ஆத்தா. குழாய் இன்னைக்குப் போனா வராது. வீசு."

பாகம்பிரியாள் வீசினாள். வீசிவிட்டு மகிழினியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய், காட்டு மூலையில் குடை விரித்தாற்போல் நின்ற ஓர் உடைமரத்தைக் காட்டினாள். அதன் கீழே செங்கல்லால் சிறிய மேடை.

"உங்க படத்துல இந்த மரம் இருக்கா?"

"ஒத்தை மரத்தையெல்லாம் குறிக்க மாட்டாங்கக்கா. ஏன்?"

"எம்மக நாச்சி இங்கதான் கெடக்கு. வறட்சியில லாரி வராம, கெடச்ச தண்ணியக் குடிச்சு, காய்ச்ச வந்து போயிருச்சு. பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தச்சு வச்சிருந்தேன்." மேடையில் கிடந்த சருகைத் தள்ளிவிட்டு, "குறிக்க மாட்டாகன்னா போகுது. சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

பெட்டி அன்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆதிக் கண்மாய்: உறுதி. சித்திரைக்குள் குழாய் வந்தது. தெருவில் தண்ணீர் கொட்டியபோது வில்லாயுதத்துக்கு மாலை போட்டுத் தூக்கினார்கள். பொய்க்கு இத்தனை நல்ல விலை அவர் வாழ்நாளில் கிடைத்ததில்லை. இத்தனை நல்ல விலை கொடுக்கிறவன் யார், எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. விலை படிந்த சந்தோஷத்தில் யாவாரிகள் செய்யும் பிழை அது.

மறுவருசம் விடை வந்தது. மீள்நீர்ச் சட்டம். நாடு தண்ணீருக்குத் தவித்துப்போனதால், நிலநினைவு காட்டும் ஆதி நீர்நிலைகள் அத்தனையையும் பழைய இடத்தில் மீட்பது என்று முடிவு. கெண்டைவலசை தன் கண்மாய்க்குத் திரும்பும். ஊர் காலி செய்யப்படும்.

வில்லாயுதம் மதுரைக்கு ஓடினார். மகிழினி அவருக்காக அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் முகம் செத்திருந்தது.

"நான் எழுதினது ஊர் மாறின கதையை, தலைவரே. அதை இப்படி எடுத்துக்குவாங்கன்னு சத்தியமா நினைக்கல."

"அத விடுங்க. தாயி, அது கண்மாயே இல்ல."

"இப்பப் போயி…"

"கேளுங்க. எங்க வழியில தலைவருங்க காதோட காதா வச்சிருந்தது. உங்ககிட்ட உடைக்கிறேன். கும்பினி சர்வேக்காரன் வந்தது கார்த்திகை மாசம். அந்த வருசம் அடைமழை, காட்டுல முழங்காத்தண்ணி. வழக்கமா தை பொறக்கறதுக்குள்ள வத்திரும். நல்ல கரிசல்னு எழுதிட்டான்னா தீர்வை கட்டி மாளாது, கண்மாய்னா தீர்வை இல்ல. எங்க ஆளுக என்ன பண்ணாக? தொண்டிக்கு ஆள் விட்டு வலை வாங்கியாந்து, ஊரோட தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டாக. பக்கத்துக் கண்மாயில வாங்கின கெண்டைய வலைக்குள்ள போட்டு வச்சிருக்காக. அவன் குதிரைய விட்டு எறங்கல, சேறு. 'என்ன ஊரு?'ன்னு கேட்டிருக்கான். கையில கெண்டையோட நின்னவன் 'கெண்டைவலசை'ன்னுட்டான். அதுக்கு முன்ன எங்க ஊருக்கு என்ன பேருன்னு இன்னைக்கு எவனுக்கும் தெரியாது. அவனும் ஊரையும் சேத்து நீலத்தைப் பூசிட்டுப் போயிட்டான்."

"அப்ப 'தூர்ந்த கண்மாய்'னு அடுத்த படத்துல?"

"அடுத்தவன் வந்தது கோடையில, தாயி. காட்டுக்குள்ளேயே எறங்கிட்டான். தண்ணி எங்கன்னான். தூந்து போச்சுன்னாக. வேற என்ன சொல்லுவாக?"

"அந்த வலை வீசுறது?"

"முதல்ல வந்தவன் திரும்பி வந்தா மாட்டிக்குவோமேன்னு வருசா வருசம் ஒத்திகை பாத்திருக்காக. அவன் வரல. ஒத்திகை நின்னபாடில்ல. அவுக பேரன் காலத்துல அதுவே சாமியாயிருச்சு."

மகிழினி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னாள். பெட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு எழுத்தில் பதில் சொன்னது: சாட்சி, நிலத்தில் ஆதாயம் உள்ளவர். முன்பு இதற்கு நேர்மாறாகச் சொன்னவர். வரைபடம், ஊர்ப்பெயர், வழிபாடு மூன்றும் ஒத்துப்போகின்றன. முடிவில் மாற்றமில்லை.

"மூணா?" வில்லாயுதம் எழுந்துவிட்டார். "ஒரே பொய் பெத்த மூணு பிள்ளைக அது! மூணும் ஒரே அப்பன் பேரைத்தான சொல்லும்!"

"எனக்குப் புரியுது. ஆனா பொய் சொன்ன ஊருக்கு இதுக்குள்ள இடமில்ல, தலைவரே. தப்பா வரைஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கும். ஒரு ஊரே சேந்து தலைமுறை தலைமுறையா ஒரு பொய்யைக் கும்பிடும்னு இதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

மண்ணாவது உண்மையைச் சொல்லும் என்று அவள் போராடி ஒரு மண்சோதனைக்கு உத்தரவு வாங்கினாள். துளைப்பான் கரிசலில் இறங்கியது. ஈரம் கோத்துக் களிமண்ணாய்க் கிடக்கும் மண். கண்மாய் வண்டல் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேல்மண் நெடுக ஈயக்குண்டுகள் வந்தன. வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் குண்டுகள். முள்ளில் மாட்டி, அறுந்து, ஆடிக்கு ஆடி விழுந்தவை. மேலாகக் கிடந்தவை புதியவை, மாசியில் பெட்டிக்காக வீசியபோது அறுந்தவை.

பெட்டி குறித்துக்கொண்டது: இடைவிடாத மீன்பிடிப்புக்குத் தொல்சான்று.

ஊரில் யாரும் வில்லாயுதத்தை நம்பவில்லை. அவர் மதுரையில் போய் "கண்மாயே இல்லை" என்று சாதித்த செய்தி வந்தபோது, "பாத்தியா, தலைவர் ஆட்டத்தத் தொடங்கிட்டாரு" என்று மெச்சினார்கள். "விட மாட்டாரு. கடைசி நிமிசத்துல நல்ல விலைக்கு முடிச்சிருவாரு" என்றார்கள். வாழ்நாளெல்லாம் பொய் பேசி ஊரைக் காத்தவர் ஒரே ஒரு முறை மெய் பேசினார். அதையும் கைதேர்ந்த பொய் என்று கொண்டாடினார்கள். துண்டு மாற்றிய அன்று கேட்ட வாக்கியத்தை அவர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் வெளியேறியது. வீடுகளை இடித்து அந்த மண்ணிலேயே கரை போட்டார்கள். ஐப்பசியில் வெள்ளக்கால்வாயைத் திறந்துவிட்ட நாளில் கெண்டைவலசைக்காரர்கள் புதுக்கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். செந்தண்ணீர் தெருவுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடத்து அடிச்சுவரை நக்கியது. காட்டுப்பக்கம் திரும்பி உடைமரத்தின் காலடிக்குப் போனது. வில்லாயுதம் தங்கையைப் பார்க்கப் பயந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

பாகம்பிரியாள்தான் பேசினாள். அழவில்லை.

"விடுண்ணே. தண்ணி இருந்த எடத்துக்குத் தண்ணி வருது. அது எடத்துல நாம போயிக் குடியிருந்தோம். கேட்டுச்சு, குடுத்துட்டோம்." மேடை மூழ்குவதைப் பார்த்தபடி சொன்னாள். "எம்பிள்ளை தாகத்துல போச்சு. தண்ணிக்குள்ள கெடக்கட்டும். கண்மாய் மடியில கெடக்குன்னு நெனச்சுக்கிறேன். அப்படி நெனச்சாத்தாண்ணே எனக்குச் சோறு எறங்கும்."

வில்லாயுதம் தோள்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

தண்ணீர் பங்குனி வரை கூட நிற்கவில்லை. அடுத்த வருசம் கால்வாயில் வெள்ளமே வரவில்லை. கால்வாயின் மேல்பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் ஆதிக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டார்கள். நின்று வற்றிய ஈரம் அடியிலிருந்த உப்பை மேலே கொண்டுவந்து விட்டது. கரிசல் வெளுத்தது. அதில் இனி மிளகாயும் இல்லை, கெண்டையும் இல்லை. நிலநினைவின் புதுப்படத்தில் மட்டும் அது நல்ல நீலமாக இருந்தது.

ஊர்க்காரர்களை நாற்கரச் சாலை ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடிவைத்திருந்தார்கள். ஆண்கள் லாரி செட்டுகளுக்கும், பெண்கள் மீன் பதப்படுத்தும் ஆலைக்கும் போனார்கள். பெயருக்கேற்ற பிழைப்பு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று வில்லாயுதமே ஒருநாள் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

அங்கேதான் மகிழினி மறுபடி வந்தாள். வீட்டுக்குள் வராமல் சாலையோரத்து டீக்கடைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

"தலைவரே, மறு அளவீடு வருது. கண்மாய்க்குள்ள வீடு கட்டியிருந்தவங்க ஆக்கிரமிப்பு செஞ்சவங்கன்னு கணக்கு. அவங்களுக்கு இந்த வீடு சொந்தமாகாது, காலி பண்ணச் சொல்வாங்க."

"நாங்க குடியிருந்தது எங்க காட்டுல, தாயி."

"அது நமக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது. ஒரே வழிதான் இருக்கு. அந்தக் கண்மாயை நம்பிப் பிழைச்ச மீன்பிடி சனம்னு நிரூபிச்சா வீடு உங்களுக்கே. கண்மாய்ல மீன்பிடி உரிமையும் தருவாங்க."

வில்லாயுதம் டீயைக் கீழே வைத்தார். "எந்தக் கண்மாயில?"

"நீங்க மதுரையில குடுத்த வாக்குமூலம்தான் குறுக்க நிக்குது. கண்மாயும் இல்ல, மீனும் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. நம்பத்தகாத சாட்சின்னு உங்க பேர்ல குறிப்பு இருக்கு. தலைவரா நீங்க இருக்கக்கூடாது. வேற ஒருத்தர் வரணும். அவங்க மனசார நம்பிச் சொல்லணும். குரல் தடுமாறினாக் கூட பெட்டி கண்டுபிடிச்சிரும்." பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொன்ன உண்மை இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அது நம்மளோடயே போகட்டும்."

"படிச்ச பிள்ள நீங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"நாச்சியோட மேடையை நானும் பாத்தேன், தலைவரே" என்றாள் மகிழினி.

மறு அளவீட்டு நாள். ஊர் பழைய வலைகளை எடுத்துக்கொண்டு நடந்துபோய்க் கரையேறி, உள்ளே இறங்கியது. உப்புப் பூத்த தரை காலடியில் அப்பளமாய் நொறுங்கியது. உடைமரம் பட்டுப்போய் நின்றது. மேடை இருந்த இடம் தெரியவில்லை. மேலே வானத்தில் ஒரு சின்னப் பெட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

புதுத் தலைவி பாகம்பிரியாள். அந்த ஊரில் ஒரு பெண் தலைமைக்கு வருவது அதுதான் முதல் தடவை. போட்டிக்கு ஒருவரும் இல்லை, ஆள நிலமும் இல்லை. வழக்கப்படி வில்லாயுதம் தன் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். வழக்கப்படி காதோரம் குனிந்தார். எத்தனையோ வாய் மாறி வந்த அந்த வாக்கியம் அவர் நாக்கில் வந்து நின்றது.

அவர் சொல்வதற்குள் அவள் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"ஏண்ணே, அன்னைக்கு மதுரையில போயிக் கண்மாயே இல்லன்னு சொன்னியாமே. அது மெய்யா, யாவாரமா?"

பட்டுப்போன மரத்தின் மேலேயே இருந்தது அவள் கண். கையில் வலை தயாராக இருந்தது. வில்லாயுதம் அந்தக் காதைப் பார்த்தார். சின்ன வயதில் காது குத்தும்போது தன் மடியில் உட்கார்ந்து ஊளையிட்ட அதே காது.

"யாவாரம்தான் ஆத்தா" என்றார்.

"அதான பாத்தேன்."

அவள் சிரித்தாள். துண்டைச் சரிசெய்துகொண்டு, உடம்பை ஒரு சுற்றுத் திருப்பி வலையை வீசினாள். வட்டமாக விரிந்து மரத்தடியில் விழுந்தது. பின்னால் ஊரே குலவையிட்டது. கெண்டை ஏறுது, கெண்டை ஏறுது. அவள் குரலில் தடுமாற்றமே இல்லை.

வலையை இழுத்தபோது உள்ளே உப்புக்கட்டிகளோடு ஒரு துண்டுச் செங்கல் அகப்பட்டிருந்தது. பாகம்பிரியாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.